கடைசி இருக்கையின் கணக்கு

ஒரு ராஜா, ஒரு 9. இரண்டும் வெவ்வேறு இனம். போக்கர் மேசையில் முதலில் பேச வேண்டிய இடத்தில் இருப்பவருக்கு இந்த இரண்டு சீட்டுகள் வந்தால், ஆட்டம் தெரிந்தவர் அதிகம் யோசிக்காமல் கவிழ்த்துவிடுவார். அதே சீட்டுகள் கடைசிப் பக்கம் இருப்பவருக்கு வந்து, அவருக்கு முன் பேசிய எல்லாரும் ஒதுங்கியிருந்தால், அவர் பந்தயத் தொகையை உயர்த்துவார். சீட்டு ஒன்றுதான். ஆனால் ஓர் இடத்தில் குப்பை, இன்னோர் இடத்தில் ஆயுதம். இது எப்படி?

மாணவர்களே, சூதாட்டம் கற்றுத் தருவது இந்தப் பக்கத்தின் வேலை அல்ல. ஆனால் இந்தக் கேள்வி கிட்டத்தட்ட நூறு ஆண்டுகளாகக் கணித அறிஞர்களை உட்கார வைத்திருக்கிறது. அதற்கு விடை காண நீங்கள் நான்காம் படிவத்தில் ‘கெபாராங்காலியான்’ என்று படிக்கும் நிகழ்தகவே போதும். காசு வேண்டாம். மூன்று சீட்டுகளும் கை நிறைய ரப்பர் விதைகளும் இருந்தால் வீட்டு வாசலிலேயே சோதித்துப் பார்க்கலாம். தஞ்சோங் மாலிம் பக்கம் பால்மரங்கள் செம்பனைக்கு வழிவிட்டுக் குறைந்து போனாலும், விதை பொறுக்க இன்னும் இடம் இருக்கிறது. கிடைக்காவிட்டால் புளியங்கொட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

நமக்குத் தெரிந்த ஆட்டத்திலிருந்து

போக்கரைப் பார்த்திராதவர்கள்கூட ‘முந்நூற்று நான்கு’ என்ற சீட்டாட்டத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். யாழ்ப்பாணத் தமிழர்களின் ஆட்டம் அது. ரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் வேலைக்கு வந்த யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் மலாயாவின் ரயில் பாதை நெடுகக் குடியேறின என்பதை வரலாற்றில் படித்திருப்பீர்கள். அப்படிப்பட்ட குடும்பத்துத் தாத்தா யாராவது அருகில் இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

இந்த ஆட்டத்தில் 32 சீட்டுகள். ஜாக்கிக்கு 30 புள்ளி, 9-க்கு 20, ஏஸுக்கு 11, 10-க்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. கூட்டினால் ஓர் இனத்துக்கு 76. நான்கு இனத்துக்கும் சேர்த்து 304. பெயருக்குக் காரணம் அதுதான். முதலில் ஆளுக்கு நான்கு சீட்டுகள் மட்டும் தருவார்கள். அந்த நான்கை வைத்து, “நாங்கள் இத்தனை புள்ளி எடுப்போம்” என்று ஒவ்வொருவராகக் கேட்க வேண்டும். கேட்டவர் துரும்பைத் தீர்மானிப்பார். மீதி நான்கு சீட்டுகள் அதற்குப் பிறகுதான் வரும்.

முதலில் கேட்பவருக்குத் தன் நான்கு சீட்டுகளைத் தவிர வேறு எதுவும் தெரியாது. கடைசியில் கேட்பவரோ மூன்று பேர் பேசியதைக் கேட்டுவிட்டார். யார் தயங்கினார், யார் துணிந்து கேட்டார், தன் கூட்டாளி என்ன சொன்னார் எல்லாம் அவருக்குத் தெரியும். அவர் கையிலும் அதே நான்கு சீட்டுகள்தான். தகவல் மட்டும் கூடுதல்.

சதுரங்கத்தில் இது தலைகீழ் என்பதைக் கவனியுங்கள். அங்கே முதலில் நகர்த்தும் வெள்ளைக்குத்தான் சற்று அனுகூலம். ஏனென்றால் சதுரங்கப் பலகையில் மறைவு எதுவும் இல்லை. இரண்டு பேரும் எல்லாவற்றையும் பார்க்கிறார்கள், ஆகவே ஒரு நகர்வு முந்துவது லாபம். மறைவு உள்ள ஆட்டத்தில் முந்திப் பேசுவது என்பது, உங்கள் ரகசியத்தில் ஒரு துண்டை எதிராளிக்கு இலவசமாகக் கொடுப்பது.

பின்னால் எத்தனை பேர்?

இப்போது போக்கர் மேசைக்கு வருவோம். ஒன்பது பேர் சுற்றி அமர்ந்திருக்கிறார்கள். ஆளுக்கு இரண்டு மறைவுச் சீட்டுகள். 52 சீட்டுகளிலிருந்து இரண்டை 1,326 விதமாக எடுக்கலாம். இனத்தின் பெயரை ஒதுக்கிவிட்டு, ‘ஒரே இனமா, வெவ்வேறா’ என்று மட்டும் பார்த்தால் 169 வகை: ஜோடிகள் 13, ஒரே இனத்தவை 78, வெவ்வேறு இனத்தவை 78. எந்த இருக்கையில் இந்த 169-இல் எவற்றைக் கொண்டு தொகையை உயர்த்துவது என்பதுதான் தேர்ந்த ஆட்டக்காரர்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் பட்டியல். முதல் இருக்கையில் அந்தப் பட்டியல் குறுகியது. கிடைக்கும் கைகளில் பத்தில் ஒரு பங்கோ சற்றுக் கூடுதலோ. கடைசி இருக்கையில், முன்னால் இருப்பவர்கள் எல்லாரும் ஒதுங்கிவிட்டால், பத்தில் நான்கு பங்கு அளவுக்கு நீளும். நாம் பார்த்த ராஜா–9 இந்த இரண்டு பட்டியலுக்கும் நடுவில் விழுகிறது.

பட்டியல் ஏன் நீள்கிறது? முதல் காரணம் வெறும் எண்ணிக்கை. ஒரு கை ‘பலமான பத்து விழுக்காட்டில்’ இருக்கும் வாய்ப்பு 0.1, இல்லாமல் இருக்கும் வாய்ப்பு 0.9. முதல் இருக்கைக்காரருக்குப் பின்னால் எட்டுப் பேர். அந்த எட்டுப் பேரில் ஒருவரிடமும் பலமான கை இல்லாமலிருக்கும் வாய்ப்பு 0.9-ஐ எட்டு முறை பெருக்கினால் கிடைக்கும். ஏறத்தாழ 0.43. அதாவது, 57 விழுக்காடு நேரம் யாரோ ஒருவர் பலமான கையுடன் காத்திருக்கிறார். கடைசி இருக்கைக்காரருக்குப் பின்னால், ஆட்டம் தொடங்கும்போதே கட்டாயமாகக் காசு வைத்த இரண்டு பேர் மட்டுமே மிச்சம். 0.9 × 0.9 = 0.81. ஆபத்து 19 விழுக்காடுதான். (ஒருவருக்குப் போன சீட்டு இன்னொருவருக்குப் போகாது என்பதால் மிகத் துல்லியமான கணக்கு சற்று மாறும். அந்த வேறுபாடு சிறியது.)

அந்த இரண்டு பேரும் கட்டாயமாக வைத்தது, ஒருவர் 1 அலகு, மற்றவர் அரை அலகு என்று வைத்துக்கொள்வோம். நடுவில் 1.5 அலகு கிடக்கிறது. கடைசி இருக்கைக்காரர் 2.5 அலகு வைத்து உயர்த்துகிறார். இருவரும் ஒதுங்கினால் 1.5 லாபம். ஒதுங்காவிட்டால், மிக மோசமாக நினைத்து, 2.5-ம் போயிற்று என்று கொள்வோம். இந்த மோசமான கணக்கிலும் இருவரும் சேர்ந்து ஒதுங்கும் வாய்ப்பு 2.5 ÷ 4, அதாவது 62.5 விழுக்காட்டைத் தாண்டினால் நட்டமில்லை. ஒவ்வொருவரும் ஐந்தில் நான்கு முறை ஒதுங்குபவர்களாக இருந்தால் 0.8 × 0.8 = 0.64. தாண்டிவிட்டது! முதல் இருக்கையில் இருந்து இதே வித்தையைச் செய்தால், பின்னால் உள்ள எட்டுப் பேரும் பத்தில் ஒன்பது முறை ஒதுங்கும் கோழைகளாக இருந்தால்கூட 43 விழுக்காடுதான் தேறும்.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. எதிராளிகள் மரம்போல் உட்கார்ந்திருப்பார்கள் என்று எண்ணிக் கணக்குப் போட்டோம். ‘இவர் கடைசி இருக்கை என்பதால்தான் எதையும் வைத்து உயர்த்துகிறார்’ என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டால்? அவர்கள் ஒதுங்க மாட்டார்கள். அப்போது இவர் எதை வைத்து உயர்த்துவது? ஒருவர் நினைப்பதை இன்னொருவர் நினைப்பதாக நினைக்கும் இந்தச் சுழலை வெட்டியதுதான் இருபதாம் நூற்றாண்டுக் கணிதத்தின் அழகான வேலைகளில் ஒன்று.

மூன்றே சீட்டுகள்

ஜான் வான் நியூமன் 1928-இல் ஆட்டங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 1944-இல் ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்னுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட பெரிய நூலில் போக்கருக்கென்றே ஒரு பகுதி உண்டு. ஆனால் உண்மையான போக்கர் அன்றைய காகிதத்துக்கும் பென்சிலுக்கும் அடங்காது. 1950-இல் ஹெரால்ட் கூன் என்ற கணித அறிஞர் அதைச் சுருக்கினார். சுருக்கினார் என்றால், 52 சீட்டுகளை மூன்றாக! (அதே ஆண்டு அதே பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற அவருடைய நண்பர் ஜான் நாஷ். பின்னாளில் நோபல் பரிசு பெற்றவர், திரைப்படமாகவும் வந்தவர்.)

ஆட்ட விதி இதுதான். தஞ்சோங் மாலிமில் நான்காம் படிவம் படிக்கும் இரண்டு பேர், கவின், யாழினி என்று வைத்துக்கொள்வோம். ராஜா, ராணி, ஜாக்கி மூன்றே சீட்டுகள். ராஜா பெரியது, ஜாக்கி சிறியது. இருவரும் நடுவில் ஒவ்வொரு விதை போடுகிறார்கள். ஆளுக்கு ஒரு சீட்டு. மூன்றாவது சீட்டு யாருக்கும் தெரியாமல் கவிழ்ந்து கிடக்கிறது.

முதலில் கவின் பேச வேண்டும். அவன் ‘பாஸ்’ சொல்லலாம், அல்லது இன்னொரு விதை வைக்கலாம். அவன் வைத்தால், யாழினி ஈடாக ஒரு விதை வைத்துச் சீட்டைக் காட்டச் சொல்லலாம், அல்லது தன் சீட்டைக் கவிழ்த்து நடுவில் இருப்பதை விட்டுக் கொடுக்கலாம். அவன் பாஸ் சொன்னால், யாழினியும் பாஸ் சொல்லி உடனே சீட்டைக் காட்டலாம்; அல்லது அவள் ஒரு விதை வைக்கலாம், அப்போது ஈடு வைப்பதா கவிழ்ப்பதா என்று கவின் முடிவு செய்வான். அவ்வளவுதான்.

கவின் பாஸ் சொல்லிவிட்டான். இப்போது யாழினி கடைசி இருக்கையில் இருக்கிறாள். எந்தச் சீட்டோடு அவள் விதை வைக்க வேண்டும்?

ராஜா என்றால் கேள்வியே இல்லை, வைக்க வேண்டும். தோற்க வழியில்லை.

அடுத்தது ராணி என்றுதான் யாரும் சொல்வார்கள். இரண்டாவது பெரிய சீட்டு அல்லவா? இங்கேதான் கணக்கு நம்மைத் திருப்பிப் போடுகிறது. யாழினியிடம் ராணி இருந்தால் கவினிடம் இருப்பது ராஜா அல்லது ஜாக்கி. அவள் விதை வைத்தால், ஜாக்கிக்காரன் கவிழ்த்துவிடுவான். அவனிடமிருந்து ஒரு விதைகூட கூடுதலாக வராது. பாஸ் சொல்லியிருந்தாலும் அவள்தான் ஜெயித்திருப்பாள். ராஜாக்காரனோ மகிழ்ச்சியாக ஈடு வைப்பான். அவளுக்கு ஒரு விதை கூடுதல் நட்டம். ஆக, ராணியோடு வைப்பதால் நன்மை ஒன்றும் இல்லை, தீமை மட்டும் உண்டு. ராணி வந்தால் பாஸ்தான்.

மிச்சம் ஜாக்கி. இருப்பதிலேயே மோசமான சீட்டு. பாஸ் சொன்னால் தோல்வி உறுதி. வைத்தால்? கவினிடம் ராணி இருந்தால் அவன் பயந்து கவிழ்க்கக் கூடும். இழப்பதற்கு ஒன்றும் இல்லாத சீட்டுதான் மிரட்டுவதற்கு ஏற்றது. ‘புளஃப்’ என்று சொல்லப்படும் வெறும் மிரட்டல் ஏதோ முகபாவனைக் கலை என்று சினிமாவில் காட்டுவார்கள். கறுப்புக் கண்ணாடி, வாயில் சுருட்டு! கூனின் ஆட்டத்தில் முகமே தேவையில்லை. கணக்கிலிருந்தே மிரட்டல் பிறக்கிறது. மிகச் சிறந்ததையும் மிக மோசமானவற்றில் ஒரு பகுதியையும் வைத்து உயர்த்து, நடுத்தரத்தைச் சும்மா விடு. வான் நியூமனும் தன் மாதிரியில் இதே வடிவத்தைத்தான் கண்டார்.

‘ஒரு பகுதி’ என்றால் எவ்வளவு?

ஜாக்கி வரும்போதெல்லாம் யாழினி மிரட்டினால் கவின் பிடித்துவிடுவான். ஒருபோதும் மிரட்டாவிட்டால், அவள் வைத்தாலே ராஜா என்று தெரிந்துவிடும். நடுவில் எங்கோ நிற்க வேண்டும்.

ராணியை வைத்திருக்கும் கவினின் பக்கத்திலிருந்து பாருங்கள். நடுவில் 2 விதை இருந்தது, யாழினி 1 வைத்தாள், மொத்தம் 3. ஈடு வைக்க அவன் 1 தர வேண்டும். 1 கொடுத்து 3 பெறுவதற்கு, நான்கு முறையில் ஒரு முறை அவன் ஜெயித்தால் வரவும் செலவும் சரியாகிவிடும். ஆகவே யாழினி வைக்கும் நான்கு முறையில் சரியாக ஒரு முறை மட்டும் அது மிரட்டலாக இருந்தால், கவின் ஈடு வைத்தாலும் கவிழ்த்தாலும் ஒன்றுதான். அவனால் அவளைச் சுரண்ட முடியாது. கவினிடம் ராணி இருக்கும்போது, யாழினியிடம் ராஜாவும் ஜாக்கியும் இருக்கும் வாய்ப்பு சமம். ராஜா வந்தால் எப்போதும் வைக்கிறாள். மூன்று ராஜாவுக்கு ஒரு ஜாக்கி என்றால், ஜாக்கி வரும் மூன்று முறையில் ஒரு முறை மிரட்ட வேண்டும். விடை: 1/3.

அந்த ‘மூன்றில் ஒரு முறை’ ஒழுங்காக வரக்கூடாது. ஒவ்வொரு மூன்றாவது ஜாக்கிக்கும் மிரட்டினால் கவின் எண்ணிக்கொண்டே வந்து பிடித்துவிடுவான். ஆகவே யாழினி யாருக்கும் தெரியாமல் கடிகாரத்தின் விநாடியைப் பார்க்கலாம். 0 முதல் 19 வரை இருந்தால் மிரட்டு, 20 முதல் 59 வரை இருந்தால் பாஸ். மனித மூளை தானாகவே தற்செயலாக நடக்க வல்லதல்ல. விநாடி முள் வல்லது.

கவினும் சும்மா இருக்கப் போவதில்லை. அவனுக்கும் இப்படியே ஒரு சிறந்த வழி உண்டு. முதலில் எப்போதும் பாஸ். யாழினி வைத்தால், ராஜாவுடன் ஈடு வை, ஜாக்கியுடன் கவிழ், ராணியுடன் மூன்றில் ஒரு முறை ஈடு வை. இருவரும் இப்படி ஆடினால் கவினுக்கு என்ன ஆகும்? சீட்டு பிரிவது ஆறு விதம், ஆறும் சம வாய்ப்பு. முதலில் எழுதியிருப்பது கவினின் சீட்டு:

ராஜா–ராணி: கவினுக்கு +1
ராஜா–ஜாக்கி: +4/3
ராணி–ராஜா: −4/3
ராணி–ஜாக்கி: +2/3
ஜாக்கி–ராஜா: −1
ஜாக்கி–ராணி: −1

நான்காவது வரியை மட்டும் சேர்ந்து போடுவோம், மற்றவற்றை நீங்களே சரிபாருங்கள். யாழினி 2/3 வாய்ப்பில் பாஸ் சொல்கிறாள். கவினுக்கு +1. மீதி 1/3 வாய்ப்பில் மிரட்டுகிறாள். அப்போது கவின் மூன்றில் ஒரு முறை ஈடு வைத்து +2, மூன்றில் இரண்டு முறை கவிழ்த்து −1; சராசரி 2/3 − 2/3 = 0. மொத்தம் 2/3.

ஆறு வரிகளையும் கூட்டினால் −1/3. ஆறால் வகுத்தால் −1/18.

இதுதான் கூன் கண்ட எண். கவின் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் சரி, யாழினி தவறு செய்யாதவரை, 18 ஆட்டத்துக்குச் சராசரியாக ஒரு விதை அவனிடமிருந்து அவளிடம் போகும். அவன் முதலிலேயே விதை வைத்தும் பார்க்கலாம். ஜாக்கியுடன் மூன்றில் ஒரு முறை வரையும், ராஜாவுடன் அதைப்போல் மும்மடங்கும் வைத்தால், விடை மறுபடியும் அதே −1/18. (அவன் வைக்கும்போது யாழினி ராஜாவுடன் ஈடு வைப்பாள், ஜாக்கியுடன் கவிழ்ப்பாள், ராணியுடன் மூன்றில் ஒரு முறை மட்டும் ஈடு வைப்பாள்.) வேறு எப்படி ஆடினாலும் இதைவிட நல்ல விடை கிடைக்காது. சீட்டில் பாரபட்சம் இல்லை, அறிவிலும் இல்லை. அந்த 1/18 முழுக்க முழுக்க இருக்கையின் விலை.

மூன்று சீட்டில் கண்டது 52 சீட்டிலும் உண்மையா? அறிய 65 ஆண்டுகள் ஆயின. 2015-இல் கனடாவின் அல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் பௌலிங் குழுவினர், இருவர் ஆடும், தொகை வரம்பு கட்டிய போக்கரைக் கணினியால் நடைமுறையில் முழுவதுமாகத் தீர்த்து ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். ஆயிரக்கணக்கான கணினிச் செயலிகள் இரண்டு மாதங்களுக்கு மேல் ஓடின. சீட்டு பிரிப்பவர் இருக்கையில் இருப்பவர் அந்த ஆட்டத்தில் முதல் சுற்றில் முந்திப் பேசுவார், அடுத்த மூன்று சுற்றிலும் கடைசியில் பேசுவார். அவருக்கு ஓர் ஆட்டத்துக்குக் கிடைக்கும் அனுகூலம் பெரிய கட்டாயத் தொகையில் ஆயிரத்தில் 88 முதல் 90 பங்கு வரை. ஆட்டக்காரர்கள் அனுபவத்தில் சொல்லி வந்தது நிரூபணமாயிற்று.

வகுப்பில் ஒரு சோதனை

தஞ்சோங் மாலிம் 1922 முதலே ஆசிரியர்களை உருவாக்கும் ஊர். அன்றைய சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரிதான் இன்றைய சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம். கணித ஆசிரியராகும் எண்ணத்தோடு இதைப் படிப்பவர்கள் இருந்தால், பின்வரும் சோதனையை எழுதி வைத்துக்கொள்ளலாம்.

வகுப்பில் 36 பேர், 18 ஜோடி. ஒவ்வொரு ஜோடியும் இருக்கை மாறாமல், மேலே சொன்ன வழியில் 100 ஆட்டம் ஆடட்டும். கணக்குப்படி கடைசியில் பேசுபவர் ஒவ்வொருவரும் ஐந்து அல்லது ஆறு விதை முன்னணியில் இருக்க வேண்டும். ஆனால் நடப்பது வேறு. ஓர் ஆட்டத்தின் நியமவிலக்கம் ஏறத்தாழ 1.18 விதை, 100 ஆட்டத்துக்கு அது 11.8 ஆகிவிடும். எதிர்பார்க்கும் லாபத்தைப்போல் இரு மடங்கு ஊசலாட்டம்! ஆகவே ஏறத்தாழ ஆறு ஜோடிகளில் முதலில் பேசுபவரே முன்னணியில் இருப்பார். “இருக்கையாவது, கணக்காவது” என்று அந்த ஆறு பேர் சிரிக்கக்கூடும். பதினெட்டு ஜோடிகளின் விதைகளையும் ஒரே குவியலாகச் சேர்த்து எண்ணுங்கள். மொத்தம் 1,800 ஆட்டம், எதிர்பார்ப்பது 100 விதை, ஊசலாட்டம் 50. இப்போது கடைசி இருக்கைதான் வெல்லும் என்பதற்கு நாற்பதில் முப்பத்தொன்பது பங்கு உறுதி உண்டு.

திறமை இருக்கிறது, ஆனால் அது வெளியே தெரிய ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் வேண்டும். அதுவரை அதிர்ஷ்டத்தின் இரைச்சல்தான் காதில் விழும். ‘நேற்று ஜெயித்தேன், ஆகவே எனக்கு ஆடத் தெரியும்’ என்று எண்ணுகிறவர் அந்த ஆறு பேரில் ஒருவராகவும் இருக்கலாம்.

திறமையா, அதிர்ஷ்டமா?

இந்தக் கேள்வி நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. இணையச் சீட்டாட்டத்தில் பணத்தை இழந்து உயிரை மாய்த்துக்கொண்டவர்களைப் பற்றிய செய்திகள் தமிழ்நாட்டில் அடுத்தடுத்து வந்த நிலையில், 2022-இல் அந்த மாநில அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. அதைத் தொடர்ந்து வந்த சட்டம் ரம்மியையும் போக்கரையும் ‘அதிர்ஷ்ட ஆட்டங்கள்’ என்ற பட்டியலில் சேர்த்தது. 2023 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டு, அந்த இரண்டையும் பட்டியலில் சேர்த்ததை மட்டும் செல்லாது என்றது. 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் இன்னொரு பாதையில் போனது: திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டம் எதுவானாலும் தடை.

நம் நாட்டில் 1953-ஆம் ஆண்டுச் சட்டம் பொதுச் சூதாட்ட இல்லங்களைத் தடை செய்கிறது. அனுமதி பெற்ற சூதாட்ட விடுதி கெந்திங் மலையில் மட்டும்தான். அங்கும் 21 வயது நிரம்பாதவருக்கும் முஸ்லிம்களுக்கும் இடமில்லை. கைப்பேசித் திரைக்கு அப்படிப்பட்ட வாசற்காவலர் இல்லை. ‘எந்த இருக்கையில் எந்தக் கையை உயர்த்துவது’ என்ற பட்டியலை இலவசமாகத் தந்து, இதைப் படித்தால் ஜெயிக்கலாம் என்று ஆசை காட்டும் விளம்பரங்கள் உங்கள் கண்ணிலும் பட்டிருக்கும். பட்டியல் பொய்யல்ல. இவ்வளவு நேரம் நாம் போட்டதும் அதே கணக்குதான். அதில் விடுபட்டிருப்பது ஒரே ஒரு வரி. மேசையை நடத்துபவர் ஒவ்வொரு ஆட்டத்திலும் நடுக்குவியலிலிருந்து எடுத்துக்கொள்ளும் பங்கு.

அதையும் கவின்–யாழினி ஆட்டத்தில் சேர்த்துப் பார்ப்போம். ஜெயித்தவர் அள்ளும் குவியலில் 5 விழுக்காட்டை மேசைக்காரர் எடுத்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் முன்போலவே ஆடுகிறார்கள். 1,800 ஆட்டம் முடிகிறது. யாழினிக்கு இருக்கையால் கிடைத்த லாபம் 100 விதை. அவள் ஜெயித்த குவியல்களிலிருந்து மேசைக்காரர் எடுத்தது ஏறத்தாழ 107. அவள் 7 விதை நட்டத்தில் எழுகிறாள். கவின் 197 விதை நட்டத்தில் எழுகிறான். மேசைக்காரரிடம் சுமார் 203 விதை. அவருக்குச் சீட்டே பிரிக்கவில்லை.

பங்கு எத்தனை விழுக்காடாக இருந்தால் யாழினிக்கு லாபமும் இல்லை நட்டமும் இல்லை? மேலே உள்ள ஆறு வரிகளிலிருந்தே கண்டுபிடிக்கலாம். ஒவ்வொரு பிரிவிலும் அவள் ஜெயிக்கும் குவியலின் சராசரி அளவை எழுதிக் கூட்டுங்கள்; 64/9 வரும். அதை ஆறால் வகுத்து, 1/18-உடன் ஒப்பிடுங்கள். விடை 3/64. அதாவது 4.7 விழுக்காட்டுக்குச் சற்றே கீழே.